வயதாகிவிட்டால் ஆயுதம் அரும்பொருளாகிவிடுமா?

1963ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் டலஸ் நகரிலிருந்து ஒருவர், துப்பாக்கிப் பிரியர்களுக்கான சஞ்சிகையொன்றில் வெளிவந்த விளம்பரக் கூப்பனை வெட்டியெடுத்து நிரப்பி, சிக்காகோ நகரிலுள்ள விளையாட்டுப் பொருள் விற்பனை நிறுவனமொன்றுக்கு அனுப்பிவைத்தார். அவர் கேட்டிருந்தது தொலைநோக்கி பொருத்தப்பட்ட பழைய இத்தாலிய இராணுவ ரைபிள் ஒன்றை. விலை 19 டொலர் 95 சதம். அனுப்பும் செலவையும் சேர்த்தால் 21 டொலர் 45 சதம். கூப்பனில் எழுதப்பட்டிருந்த பெயர் போலியானது. கொடுக்கப்பட்டிருந்த முகவரி ஒரு தபால் பெட்டி இலக்கம் மாத்திரமே. எவரும் எதனையும் கேட்கவில்லை. ரைபிள் பொதியாகக் கட்டப்பட்டு அந்தத் தபால் பெட்டிக்கு வந்து சேர்ந்தது.

எட்டு மாதங்களின் பின்னர், நவம்பர் 22ஆம் திகதி, அதே நகரத்தின் வீதியில் ஜனாதிபதி ஜோன் எப். கென்னடி அந்த ரைபிளினால் சுட்டுக் கொல்லப்பட்டார். கூப்பனை நிரப்பியவர் லீ ஹார்வே ஒஸ்வால்ட் என்பதை விசாரணைகள் வெளிப்படுத்தின. அன்றைய தினமே பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரைக் கொல்வதற்கு அவர் பயன்படுத்திய ரிவோல்வரும் தபால் மூலம் தருவிக்கப்பட்டதுதான்.

இந்த வரலாற்றில் பலரும் கவனிக்காத ஓர் அம்சம் உண்டு. ஒஸ்வால்ட் பயன்படுத்திய 'கர்கானோ' ரைபிள் 1940ஆம் ஆண்டில் இத்தாலியில் தயாரிக்கப்பட்டது. முசோலினியின் படைகளுக்காக உருவாக்கப்பட்டு, உலக யுத்தம் முடிந்ததும் எவருக்கும் வேண்டாத பொருளாகி, ஐரோப்பியக் களஞ்சியங்களிலிருந்து மொத்த விலைக்கு அள்ளிவரப்பட்ட இலட்சக்கணக்கான பழைய துப்பாக்கிகளுள் அதுவும் ஒன்று. அதாவது, உலகின் மிகப் பலம்வாய்ந்த நாட்டின் தலைவரைக் கொன்றது அன்றைய நவீன ஆயுதமன்று. காலாவதியான, கழித்துவிடப்பட்ட, மலிவான ஒரு பழைய துவக்குத்தான்.

பழைய துப்பாக்கி என்பது ஆயுதமா, அல்லது அரும்பொருளா? இந்தக் கேள்விக்கு அமெரிக்கா 1968ஆம் ஆண்டில் ஒரு விடையை எழுதியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த விடை பெரிய சர்ச்சையின்றி நடைமுறையில் இருந்து வருகின்றது. ஆனால், காலம் செல்லச் செல்ல அந்த விடையே ஒரு புதிய பிரச்சினையாக மாறிக்கொண்டிருக்கின்றது என்பதை இப்போது காணக்கூடியதாகவுள்ளது.

கென்னடியின் மரணத்தின் பின்னர் தபால் மூலத் துப்பாக்கி விற்பனையைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் எழுந்தது. கனெக்டிகட் மாநில செனட்டர் தோமஸ் டொட் இதற்கான சட்டமூலத்துடன் வருடக்கணக்காகப் போராடினார். துப்பாக்கித் தொழிற்சாலைகள் நிறைந்த மாநிலத்திலிருந்து தெரிவான ஒருவர் அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கினார் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. எனினும், ஒரு ஜனாதிபதியின் கொலை மாத்திரம் கொங்கிரஸை அசைக்கப் போதுமானதாக இருக்கவில்லை. 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கும் அதே வருடம் ஜூன் மாதத்தில் ரொபேர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே அச்சட்டம் நிறைவேறியது. 1968 ஒக்டோபர் 22ஆம் திகதி ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின் மையக் கருத்து எளிமையானது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்திலுள்ள சாதாரண பிரஜை ஒருவருக்குத் துப்பாக்கியை நேரடியாக அனுப்ப முடியாது. அது அனுமதிப்பத்திரம் பெற்ற ஒரு வர்த்தகரின் கைக்கே செல்ல வேண்டும். வாங்குபவர் அந்த வர்த்தகரின் முன்னிலையில் தோன்றித் தன்னை அடையாளப்படுத்தி, படிவத்தை நிரப்பியே அதனைப் பெற்றுக்கொள்ள வேண்டும். 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டமும், அதன்படி 1998 நவம்பரில் இயங்கத் தொடங்கிய பின்னணிப் பரிசோதனை முறைமையும் இந்தக் கதவுக்கு மேலும் ஒரு தாழ்ப்பாளைப் போட்டன.

கதவு மூடப்பட்டது. ஆயினும் இரண்டு ஜன்னல்கள் திறந்துவைக்கப்பட்டன. இரண்டும் பழைய துப்பாக்கிகளுக்கானவை.

முதலாவது ஜன்னல், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ தயாரிக்கப்பட்ட சுடுகலன்களுக்கானது. இவை 'தொன்மையானவை' என வகைப்படுத்தப்படுகின்றன. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் பார்வையில் இவை சுடுகலன்களே அல்ல. இவற்றை வாங்குவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. பின்னணிப் பரிசோதனை இல்லை. தபாலிலும் அனுப்பலாம். குழல் வாயினூடாகக் கருமருந்து இடித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளின் பிரதிகள், நேற்றுத் தயாரிக்கப்பட்டவையாக இருந்தாலும், பெரும்பாலும் இதே சலுகையைப் பெறுகின்றன. தனித்தனி மாநிலங்கள் சில இதைவிடக் கடுமையான விதிகளை வைத்திருக்கின்றன. ஆனால், மத்திய சட்டத்தின் நிலை இதுதான்.

இரண்டாவது ஜன்னல்தான் சேகரிப்பாளர் அனுமதிப்பத்திரம். அமெரிக்க அனுமதிப்பத்திர வகைகளுள் இது மூன்றாம் இலக்கத்தைக் கொண்டது. 'அரும்பொருள் அல்லது நினைவுப்பொருள்' என்று சட்டம் வரையறுக்கும் துப்பாக்கிகளைத் தனது சொந்தச் சேகரிப்புக்காக வாங்க விரும்பும் 21 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் இதனைப் பெறலாம். மூன்று வருடங்களுக்குக் கட்டணம் 30 டொலர்கள் மாத்திரமே. விண்ணப்பதாரி தனது பிரதேசப் பொலிஸ் தலைமையதிகாரிக்கும் விண்ணப்பத்தின் பிரதியை அனுப்ப வேண்டும். அவரது கடந்தகாலம் ஒரு தடவை பரிசோதிக்கப்படும். அதன் பின்னர், நாட்டின் எந்தமூலையிலுள்ள விற்பனையாளரிடமிருந்தும் தகுதிபெற்ற பழைய துப்பாக்கியை அவர் நேரடியாகத் தனது வீட்டு வாசலுக்கே தருவித்துக்கொள்ள முடியும். கையொப்பமிட்ட அனுமதிப்பத்திரப் பிரதியொன்றை விற்பனையாளருக்கு அனுப்பிவைத்தாற் போதுமானது. ஒவ்வொரு கொள்வனவின் போதும் தனித்தனியான பின்னணிப் பரிசோதனை கிடையாது.

எவை அரும்பொருள்? தயாரிக்கப்பட்டு 50 வருடங்கள் கடந்தவை, பொது அருங்காட்சியகமொன்றின் பொறுப்பாளரால் அருங்காட்சியகப் பெறுமதி உடையவையெனச் சான்றளிக்கப்பட்டவை, அரிய தன்மையாலோ வரலாற்றுச் சம்பவமொன்றுடன் உள்ள தொடர்பினாலோ தமது பணப் பெறுமதியின் பெரும்பகுதியைப் பெறுபவை என மூன்று வழிகள் உள்ளன. நடைமுறையில் ஆகப் பெரிய வழி முதலாவதுதான். அதற்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, நாட்காட்டி போதும். துப்பாக்கி அதன் மூல அமைப்பிலிருந்து பெரிதும் மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பது மாத்திரமே நிபந்தனை.

இதற்குப் பதிலாகச் சேகரிப்பாளர்மீது சில கடமைகள் சுமத்தப்பட்டுள்ளன. வந்த துப்பாக்கி எது, யாரிடமிருந்து வந்தது, என்று வந்தது, எவருக்குக் கைமாறியது என்பதையெல்லாம் கட்டப்பட்ட பதிவேடொன்றில் அவர் எழுதிவைக்க வேண்டும். சுடுகலன்கள் தொடர்பான மத்திய பணியகம் வருடத்திற்கு ஒரு தடவை அப்பதிவேட்டைப் பரிசோதிக்கலாம். வீட்டிற்கு அதிகாரிகள் வருவதை விரும்பாதவர் பதிவேட்டையும் துப்பாக்கிகளையும் பணியகத்தின் அலுவலகத்திற்கே எடுத்துச் சென்று காட்டலாம். மிக முக்கியமாக, இந்த அனுமதிப்பத்திரம் வியாபாரம் செய்வதற்கானதன்று. சேகரிப்பை மேம்படுத்துவதற்காக இடையிடையே ஒன்றை விற்று இன்னொன்றை வாங்கலாம். இலாப நோக்குடன் வாங்கி விற்பதைத் தொழிலாகக் கொண்டால் வர்த்தகர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும்.

இவ்வனுமதிப்பத்திரம் வைத்திருப்போரின் தொகை அமெரிக்கா முழுவதிலும் சுமார் 50,000 அளவிலேயே உள்ளது. முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கொண்ட, மக்கள் தொகையையும் விஞ்சிய துப்பாக்கிகள் உள்ள ஒரு தேசத்தில் இது சிறிய தொகையே. இவர்களிற் பெரும்பாலானோர் ஓய்வுபெற்ற இராணுவத்தினர், வரலாற்று ஆர்வலர்கள், தந்தையோ பாட்டனோ களத்தில் தூக்கிச் சென்ற அதே வகைத் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவைக்க விரும்புபவர்கள். அரச அருங்காட்சியகங்கள் சேர்க்காமல் விட்ட பலவற்றைப் பாதுகாத்து, தொழிற்சாலை முத்திரைகளையும் தொடர் இலக்கங்களையும் ஆராய்ந்து நூல்களாக எழுதியவர்கள் இத்தகைய தனியாட்களே. அமெரிக்க வீதிகளில் நாளாந்தம் பாயும் இரத்தத்திற்கு இவர்களைக் காரணம் கூறுவது நியாயமாகாது. அங்கு கொலைகளிற் பெரும்பாலானவை நவீன கைத்துப்பாக்கிகளாலேயே நிகழ்கின்றன. தனது பெயர், முகவரி, கொள்வனவு விபரம் என்பவற்றைத் தானாகவே முன்வந்து அரசாங்கத்தின் பார்வைக்கு வைக்கும் ஒருவர் குற்றமிழைக்க எண்ணியிருப்பவராக இருப்பது அரிது. இந்த வாதத்தில் உண்மை இருக்கின்றது.

எனவே, பிரச்சினை சேகரிப்பாளரிடத்தில் இல்லை. சட்டம் தெரிவுசெய்த அளவுகோலிலேயே இருக்கின்றது. சட்டம் துப்பாக்கியின் ஆற்றலை அளக்கவில்லை. அதன் வயதையே அளக்கின்றது.

இதன் விசித்திரத்தை ஓர் உதாரணம் விளக்கும். வின்செஸ்டர் நிறுவனத்தின் 1894ஆம் ஆண்டு மாதிரி ரைபிள் அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே மிகப் பிரசித்தமானது. 1898ஆம் ஆண்டு இறுதியில் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஒரு ரைபிளும், அடுத்த மாதம் 1899 ஜனவரியில் வெளிவந்த இன்னொன்றும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. இரண்டும் ஒரே ரவையைச் சுடும். அந்த ரவை இன்றும் அமெரிக்கக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றது. எனினும், முதலாவது சட்டத்தின் முன் சுடுகலன் அன்று. இரண்டாவது சுடுகலன். பாரதூரமான குற்றத்திற்குத் தண்டனை பெற்ற ஒருவர் இரண்டாவதை வைத்திருந்தால் மத்திய சிறைக்குச் செல்ல நேரிடும். முதலாவதை வைத்திருப்பதை மத்திய சட்டம் தடுப்பதில்லை. அதற்குரிய ரவையை அவர் வைத்திருப்பது குற்றம், ரைபிளை வைத்திருப்பது குற்றமன்று என்ற நிலை, சட்டம் தன்னைத்தானே நோக்கிச் சிரித்துக்கொள்ளும் நிலையாகும்.

அதைவிடக் கவலைக்குரியது இரண்டாவது ஜன்னலிலுள்ள கடிகாரம். 1898 என்பது அசையாத எல்லை. ஆனால், 50 வருடங்கள் என்பது ஒவ்வொரு நாளும் முன்னகரும் எல்லை. 1968இல் அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது 50 வருடப் பழைமை என்றால் முதலாம் உலக யுத்தத்தின் துப்பாக்கிகள். அவை பெரும்பாலும் ஒவ்வொரு சூட்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளவேண்டிய ரைபிள்கள். அன்றைய சட்டமியற்றுனர்கள் மனக்கண்ணில் கண்ட 'அரும்பொருள்' அதுதான். இன்று அதே ஐம்பது வருடங்கள் எம்மை 1970களின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்துவிட்டன.

'ஏ.ஆர்.-15' ரைபிள் அமெரிக்கப் பொதுமக்களுக்கு விற்கப்படத் தொடங்கியது 1964ஆம் ஆண்டில். 2012இல் சான்டி ஹூக் பாடசாலையிலும், 2018இல் பார்க்லண்ட் பாடசாலையிலும், 2022இல் உவால்டி பாடசாலையிலும் பிள்ளைகளைப் பலிகொண்டவை இக்குடும்பத்தைச் சேர்ந்த புதிய ரைபிள்களே. ஆயினும், அதன் முதற் தலைமுறையைச் சேர்ந்தவை, மூல அமைப்பு மாறாதிருந்தால், 2014ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொன்றாக அரும்பொருள் வயதை எட்டி வருகின்றன. இத்தாலியின் பெரேட்டா நிறுவனம் 1970களின் நடுப்பகுதியில் வெளியிட்ட 92ஆம் மாதிரிக் கைத்துப்பாக்கி, பின்னர் அமெரிக்க இராணுவமே தனது கைத்துப்பாக்கியாக ஏற்றுக்கொண்ட மாதிரியின் மூதாதையாகும். அதுவும் இப்போது வரிசையில் வந்து நிற்கின்றது. 1982ஆம் ஆண்டில் ஒஸ்திரிய இராணுவத்திற்காக உருவாக்கப்பட்ட 'குளொக்' கைத்துப்பாக்கி, உலகெங்கும் பொலிஸாரினதும் பாதாள உலகத்தினரதும் இடுப்பில் இன்றும் தொங்குகின்றது. சட்டம் மாறாவிட்டால், அதன் முதற் தொகுதி 2032ஆம் ஆண்டில் 'நினைவுப்பொருள்' ஆகிவிடும்.

இந்தக் கணக்கின் உச்சக் கசப்பு வேறொன்று. கென்னடியைக் கொன்ற ரைபிள் இன்று மேரிலண்ட் மாநிலத்திலுள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றது. அதே 1940ஆம் ஆண்டில், அதே ஆலையில் பிறந்த அதன் உடன்பிறப்பு ஒன்றை இன்று சேகரிப்பாளர் அனுமதிப்பத்திரம் உடைய ஒருவர் இன்னொரு மாநிலத்திலிருந்து தன் வீட்டிற்கே பொதியாகத் தருவித்துக்கொள்ளலாம். எந்தத் துப்பாக்கியின் தபால் பயணத்தைத் தடுப்பதற்காக ஒரு சட்டம் பிறந்ததோ, அந்தத் துப்பாக்கி வயதேறியதும் அதே சட்டத்தின் சலுகையைப் பெறுகின்றது. 1963இலிருந்த நிலைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இன்று பெறுபவரின் உண்மைப் பெயர் அரசாங்கத்திற்குத் தெரியும். அந்த ஒரு வேறுபாட்டிலேயே முழுப் பாதுகாப்பும் தங்கியிருக்கின்றது.

ஆகவே, அந்தப் பெயர்ப் பதிவு எந்தளவு உறுதியானது என்பதைப் பார்க்க வேண்டியுள்ளது. சேகரிப்பாளர் தன்னிடமுள்ள பழைய துப்பாக்கியைத் தனது மாநிலத்தைச் சேர்ந்த சாதாரண பிரஜை ஒருவருக்கு விற்கும்போது மத்திய சட்டத்தின் கீழ் பின்னணிப் பரிசோதனை கட்டாயமன்று. அக்கடமை உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வர்த்தகர் ஆகியோருக்கே உரியது. தடைசெய்யப்பட்டவர் எனத் தெரிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ விற்கக்கூடாது என்பதே சேகரிப்பாளருக்குள்ள தடை. விற்ற விபரம் அவரது பதிவேட்டில் மட்டுமே இருக்கும். வர்த்தகர் ஒருவர் தொழிலைக் கைவிட்டால் அவரது பதிவேடுகள் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட வேண்டும். சேகரிப்பாளர் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் அவருக்கு அந்தக் கடமையில்லை. அவர் மறைந்து, பிள்ளைகள் வீட்டைத் துப்புரவாக்கும் நாளில் அந்தப் பதிவேடு எங்கே போகும் என்பது எவருக்கும் தெரியாது.

பழைய துப்பாக்கிகளின் வரவும் வற்றிப்போன ஒன்றல்ல. 1968ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டு இராணுவ மிகைத் துப்பாக்கிகளின் இறக்குமதியை நிறுத்தியது. ஆனால், 1984ஆம் ஆண்டில் கொங்கிரஸ் செய்த திருத்தம் அரும்பொருள் வகையைச் சேர்ந்தவற்றுக்கு மீண்டும் வழிவிட்டது. சோவியத் ஒன்றியம் சிதறியதும் அதன் களஞ்சியங்களிலிருந்த 'மொசின் நாகான்ட்' ரைபிள்கள் பெட்டி பெட்டியாக அமெரிக்கத் துறைமுகங்களில் வந்திறங்கின. 100 டொலருக்கும் குறைந்த விலைக்கு அவை விற்கப்பட்ட காலமும் இருந்தது. ஸ்டாலின்கிராட்டைக் காத்த துப்பாக்கி இறுதியில் ஒரு மாலை விருந்தின் செலவுக்கும் குறைந்த விலைக்குப் போயிற்று. மறுபுறம், கொரிய யுத்த காலத்தில் தென்கொரியாவுக்கு வழங்கப்பட்ட 'எம்-1' ரைபிள்களைத் தனியார் மீள இறக்குமதி செய்வதற்கு ஒபாமா நிர்வாகம் 2013இல் தடைபோட்டது. 2021இல் ரஷ்யாவிலிருந்து சுடுகலன்களையும் ரவைகளையும் இறக்குமதி செய்யப் புதிய அனுமதிகள் நிறுத்தப்பட்டன. அரும்பொருள் வர்த்தகம் என்ற போர்வையின் கீழும் வெளிநாட்டுக் கொள்கையே நடமாடுகின்றது என்பதற்கு இவை சான்றுகள்.

வயது என்ற அளவுகோலுக்கு மாற்று இல்லையா என்ற கேள்விக்கு பிரித்தானியாவின் அனுபவம் விடையளிக்கின்றது. அங்கும் 1968ஆம் ஆண்டிலேயே இன்றைய சுடுகலன்கள் சட்டம் இயற்றப்பட்டது. ஆர்வப் பொருளாகவோ அலங்காரமாகவோ வைத்திருக்கப்படும் தொன்மையான துப்பாக்கிக்கு அது விலக்களித்தது. ஆனால், எது தொன்மையானது என அச்சட்டம் சொல்லவில்லை. காலப்போக்கில் பிரித்தானிய அதிகாரிகள் வேறொரு சோதனையை வகுத்துக்கொண்டனர். துப்பாக்கி எப்போது பிறந்தது என்று மாத்திரம் பாராமல், அதற்குரிய ரவை இன்றும் சந்தையில் கிடைக்கின்றதா என்றும் பார்த்தனர். வழக்கொழிந்த ரவைகளின் பட்டியலொன்று தயாரிக்கப்பட்டது. உண்பதற்கு இரையில்லாத புலியைக் கண்டு அஞ்சத் தேவையில்லை என்பதே அதன் தர்க்கம்.

அந்தத் தர்க்கத்தையும் குற்றவாளிகள் உடைத்தனர். குளொஸ்டர்ஷயர் பிரதேசத்தைச் சேர்ந்த, அனுமதிப்பத்திரம் பெற்ற வர்த்தகர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து பழைய ரிவோல்வர்களைத் தொன்மைப் பொருட்களென இறக்குமதி செய்தார். சந்தையில் கிடைக்காத ரவைகளைத் தன் வீட்டிலேயே தயாரித்தார். துப்பாக்கியும் ரவையும் சேர்ந்து பர்மிங்ஹாம் உள்ளிட்ட நகரங்களின் குற்றக் கும்பல்களைச் சென்றடைந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச் சம்பவ இடங்களில் அவரது ரவைகளின் தடயங்கள் மீட்கப்பட்டன. 2017இல் நீதிமன்றம் அவருக்கு 30 வருடச் சிறைத்தண்டனை விதித்தது. அமெரிக்காவில் சேகரிப்பாளர்களின் பொழுதுபோக்குக்கென வகுக்கப்பட்ட எல்லைக்கோடு, அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரையில் இளைஞர்களின் உயிரைக் குடிக்கும் வழியாயிற்று.

பிரித்தானியா அதிலிருந்து பாடம் கற்றது. 2021 மார்ச் 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் முதற்தடவையாகத் தொன்மையான சுடுகலனுக்குச் சட்டபூர்வ வரையறையை வழங்கின. 1939 செப்டெம்பர் 1ஆம் திகதிக்கு முன்னர் தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும், பட்டியலிலுள்ள வழக்கொழிந்த ரவையையோ பழைய இயங்குமுறையையோ உடையதாகவும் இருக்க வேண்டும். குற்றங்களில் அடிக்கடி தலைகாட்டிய ஏழு வகை ரவைகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அவ்வாறான துப்பாக்கிகளை வைத்திருந்தோருக்கு அனுமதிப்பத்திரம் பெறவோ அவற்றைக் கைவிடவோ ஆறு மாத கால அவகாசம் வழங்கப்பட்டது. சேகரிப்பாளர் ஒழிக்கப்படவில்லை. அளவுகோல் மாத்திரமே திருத்தப்பட்டது.

அமெரிக்காவில் இத்தகைய திருத்தம் இன்று சாத்தியமா என்பது சந்தேகத்திற்குரியது. 2022 ஜூன் 23ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி, எந்தத் துப்பாக்கிக் கட்டுப்பாடும் அந்நாட்டின் வரலாற்று மரபுக்கு இசைவானதென அரசாங்கம் நிரூபிக்க வேண்டும். அதற்கு இரண்டு தினங்களின் பின்னர் ஜனாதிபதி பைடன் கையெழுத்திட்ட சட்டம், துப்பாக்கி வியாபாரம் செய்பவர் யார் என்ற வரையறையை விரிவாக்கியது. 2024இல் அதற்கான விதிகள் வெளியாகின. சில மாநிலங்கள் நீதிமன்றங்களை நாடின. 2025 பெப்ரவரி 7ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப், முன்னைய நிர்வாகத்தின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளை மீளாய்வு செய்யுமாறு பணித்தார். சேகரிப்பாளருக்கும் மறைமுக வியாபாரிக்கும் இடையிலான கோடு ஒவ்வொரு ஆட்சி மாற்றத்துடனும் அழிக்கப்பட்டு மீள வரையப்படும் கோடாகிவிட்டது. பழைய துப்பாக்கிகள் கட்டுப்பாட்டிலிருந்து விலகி நிற்க, பழைய சட்டங்கள் புதிய துப்பாக்கிகளை ஆள்கின்ற நிலைமையை அங்கு காண்கின்றோம்.

இவையெல்லாம் தொலைதூர நாடுகளின் விவகாரம் என்று எமது வாசகர்கள் எண்ணக்கூடும். ஆயினும், பழைய துவக்கு எமக்கு அந்நியமான பொருளன்று. வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் 'இடியன் துவக்கு' என்று வழங்கப்படுவது, குழல் வாயினூடாக மருந்தும் சன்னமும் இடித்துச் சுடப்படும் அதே நூற்றாண்டுகள் பழைமையான பொறிமுறைதான். அமெரிக்கச் சட்டம் பாதிப்பில்லாத தொன்மை எனத் தள்ளிவிடும் அப்பொறிமுறையினால் காயமடைந்த மனிதர்களையும் யானைகளையும் நாம் அறிவோம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமின்றி அதனை வைத்திருப்பவர் நீதிமன்றில் நிறுத்தப்படுகின்றார். ஆயுதத்தின் பழைமை அதன் தீங்கைக் குறைப்பதில்லை என்பதைக் கற்றறிய எமக்கு எந்த வெளிநாட்டு ஆய்வும் தேவைப்படவில்லை.

அதேவேளை, துப்பாக்கி உண்மையாகவே அரும்பொருளாகும் தருணத்தையும் எமது நாடு அண்மையில் கண்டது. 1765இல் கண்டி அரண்மனையை ஒல்லாந்தர் சூறையாடியபோது எடுத்துச் செல்லப்பட்ட, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கியை நெதர்லாந்து 2023ஆம் ஆண்டில் இலங்கையிடம் மீள ஒப்படைத்தது. அதனுடன் வாள்களும் கத்தியும் இரண்டு துப்பாக்கிகளும் கொழும்பு தேசிய நூதனசாலையை வந்தடைந்தன. 1740களில், மதுரை நாயக்கர் வம்சத்தைச் சேர்ந்த முதலாவது கண்டி மன்னனான ஸ்ரீ விஜய ராஜசிங்கனின் காலத்தில், அரசனுக்குக் காணிக்கையாக்கப்பட்டது அப்பீரங்கி. இன்று அதனைக் கண்டு எவரும் அஞ்சுவதில்லை. அதன் மீது ஒரு மக்களின் கைவண்ணமும், இழப்பும், மீட்சியும் எழுதப்பட்டிருக்கின்றன. எமது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தொன்மையின் எல்லையாக 1815 மார்ச் 2ஆம் திகதியை, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான தினத்தை, குறித்தது. ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தேர்ந்தெடுக்கும் திகதியில் அந்நாட்டின் மனம் தெரிகின்றது. இலங்கை சுதந்திரம் இழந்த நாளைக் குறித்தது. பிரித்தானியா உலக யுத்தம் மூண்ட நாளைக் குறித்தது. அமெரிக்கா ஒரு திகதியைக் குறித்துவிட்டு, மற்றதைக் கடிகாரத்திடம் கொடுத்துவிட்டது.

சேகரிப்பாளருக்கு உரிய இடத்தைக் கொடுப்பதில் தவறில்லை. வரலாற்றைப் பாதுகாப்பவர்மீது குற்றவாளியின் நிழலை விழுத்துவது அறமுமன்று. ஆனால், ஒரு பொருளை அரும்பொருளாக்குவது அதன் வயது மாத்திரமாக இருக்க முடியாது. அது இன்னமும் கொல்லுமா, அதற்குரிய ரவை அடுத்த தெருக் கடையில் கிடைக்குமா, அது கைமாறும்போது எவரேனும் பெயரைப் பதிகின்றார்களா என்ற மூன்று கேள்விகளும் கேட்கப்பட வேண்டும். ஐம்பது வருட எல்லையை ஒரு நிலையான ஆண்டில் நிறுத்துவதும், சேகரிப்பாளரின் விற்பனையையும் பரிசோதனைக்கு உட்படுத்துவதும், அனுமதிப்பத்திரம் காலாவதியானதும் பதிவேட்டைக் கையளிக்கச் செய்வதும் எந்த உண்மையான சேகரிப்பாளரின் மகிழ்ச்சியையும் பறித்துவிடப் போவதில்லை.

2032ஆம் ஆண்டு வெகு தொலைவில் இல்லை. அதற்கு முன்னர் அந்தக் கடிகாரத்தை எவரேனும் நிறுத்தாவிட்டால், இன்றைய தெருச் சண்டைகளின் ஆயுதம் நாளைய நினைவுப்பொருளாகிவிடும். 1963இல் 21 டொலர் 45 சதம் கொடுத்து வாங்கப்பட்ட பாடத்திற்கு அமெரிக்கா செலுத்திய உண்மையான விலை என்னவென்பதை அந்நாட்டு மக்கள் அறிவார்கள். அதனை மறப்பதற்கு அறுபது வருடங்கள் போதுமா என்பதே இப்போது எழுகின்ற கேள்வியாகும்.